சாவி கையில், பிள்ளை இடுப்பில்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை. காரின் பின்கண்ணாடியில் பிள்ளைகளின் பெயரை ஒட்டிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. "பேரு, படிக்கற ஸ்கூலு, எல்லாம் கண்ணாடியிலயே ஒட்டியிருக்குது. ரோட்டுல போறவன் பேர் சொல்லிக் கூப்ட்டா புள்ள திரும்பிப் பாக்காதா?" என்பார். அப்படிப்பட்டவரின் பெயரை அச்சில் போட்டால், எங்கே இருந்தாலும் அவருக்குக் கோபம் வரும். அதனால் அண்ணி என்றே எழுதுகிறேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாது. வேறு சொல் என்னிடம் இல்லை.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஓசூருக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். கால்நடை மருத்துவர். ஏரியூர்ப் பக்கத்தில் அவருக்கு வேலை. ஊசிப் பெட்டியும் ரப்பர் பூட்சும் காரின் டிக்கியில் எப்போதும் இருக்கும்.

முதலில் ஒரு திருத்தம். அண்ணிக்குக் கார் வந்தது கல்யாணத்துக்குப் பிறகு என்றும், அதுவும் அண்ணன் வாங்கிக் கொடுத்தது என்றும் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். தவறு. கல்யாணம் வைகாசியில். அன்று மண்டபத்து வாசலில் வந்து நின்ற வெள்ளைக் காரின் முன்பக்கத்தில், அதற்கு முந்தைய ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டின் கறை இருந்தது. நான் பார்த்தேன். கார் அவருடையது. அதைவிட முக்கியம், அதை ஓட்டிக்கொண்டு வந்ததும் அவரே. பெண்ணின் அப்பா பக்கத்து இருக்கையில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவையும் சடைநாகமுமாக மணப்பெண் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

ஆரத்தித் தட்டோடு என் சித்தி வாசலில் நின்றார். கார் நின்றது. கதவு திறக்கவில்லை. அண்ணி உள்ளேயிருந்து நடுக் கண்ணாடியைப் பார்த்தார், இடது கண்ணாடி, வலது கண்ணாடி, பிறகு தலையைத் திருப்பி ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் இஞ்சினை அணைத்து, சாவியை உருவி, கதவைத் திறந்தார்.

"என்னாம்மா, மாப்பள வூட்டாரப் பாத்து பயந்துட்டியா?" என்று கேட்டார் சித்தி.

"பழக்கமுங்க அத்தை. நின்ன வண்டியிலதான் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். ஓடற வண்டிய எவனும் வந்து புடுங்க மாட்டான்."

கல்யாண வீட்டில் பெண் பேசிய முதல் வார்த்தை திருட்டைப் பற்றி என்று சித்தி அதை வருடக்கணக்கில் சொல்லித் திரிந்தார்.

அவருக்கு அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறேன். ஒரு கதையை எதிர்பார்த்தேன். கதை இல்லை. "மாட்டுக்கிட்டயிருந்து" என்றார். மாடு மேயும்போதும் அதன் காது மேய்வதில்லை என்பது அவர் சொன்னது. ஒரு காது முன்னே, ஒரு காது பின்னே. பயந்த மாடு வேறு, கவனமாக இருக்கிற மாடு வேறு. பயந்த மாடு புல்லைத் தின்னாது. கவனமாக இருக்கிறது நன்றாகவே தின்னும். "நான் பயந்துக்கிட்டா ஓட்டறேன்? பாட்டுக் கேட்டுக்கிட்டு தான ஓட்டறேன்" என்பார். உண்மை. காரில் பழைய கன்னடப் பாட்டு ஓடும், அவரும் கூடப் பாடுவார். பாட்டின் நடுவே திடீரென்று "நோடு" என்பார். கன்னடத்தில் 'பார்' என்று பொருள். முன்னே ஒரு வேன் காரணமில்லாமல் மெதுவாகப் போகும், அல்லது ஓரத்தில் ஒருவன் எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நிற்பான். பார்த்தாகிவிட்டது என்று நான் தலையசைத்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அண்ணன் மகள் பாப்பா முதலில் பேசிய சொல்லும் அதுதான். காரில் அம்மாவின் சீட்டுக்குப் பின்னால் வளர்ந்த குழந்தை. என் அப்பாவுக்கு அதில் நிரம்ப வருத்தம். "தாத்தான்னு சொல்ல வேண்டாம், அம்மான்னாச்சும் சொல்லக் கூடாதா? ஒறவு மொற எதுவும் வரல, நோட்டம் பாக்கத்தான் வருது."

சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கிற வண்டியின் டயர் தரையைத் தொடும் இடம் தெரிகிற தூரத்தில்தான் அண்ணி நிறுத்துவார். அவசரமென்றால் வளைத்து வெளியே போக இடம் வேண்டும். அந்த இடத்தில் பைக்குகள் வந்து நுழைந்துகொள்ளும். மறுபடி கொஞ்சம் பின்னுக்கு வருவார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டரம்மா விடற எடத்துல ஒரு டீக்கடையே வெக்கலாம்" என்பான். யாராவது கண்ணாடியைத் தட்டினால் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இறக்குவார். மாங்காய் விற்கிறவள் அந்த இடைவெளியில் மாங்காயை நுழைக்க முடியாமல் திட்டிவிட்டுப் போனாள். அது ஆனி மாதம். ஆடி என்று அண்ணன் சொல்வதை நம்ப வேண்டாம். ஆடியில் அந்த ரக மாங்காய் இல்லை.

இந்த எச்சரிக்கையால் நஷ்டமும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதியமான்கோட்டை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் பைக்கில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து எங்கள் பின்சக்கரத்தைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார்கள். அண்ணி கை தூக்கி நன்றி சொன்னார். நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தார். வண்டி ஒரு பக்கம் இழுத்தது. கரகரவென்று சத்தம் வந்தது.

"ஏய், நெசமாவே பஞ்சருடி" என்றான் அண்ணன்.

"தெரியுது."

"தெரிஞ்சும் ஓட்டறயே?"

"ஆளுங்க இருக்கற எடத்துல எறங்கிப் பாத்துக்கலாம். டயரு போனா டயருதான."

பெட்ரோல் பங்க் வருவதற்குள் டயர் துணிபோலக் கிழிந்து, சக்கரமும் கெட்டுவிட்டது. அந்த இரண்டு பையன்களும் பின்னாலேயே வந்து பங்கில் நின்றார்கள். ஒருவன் அண்ணனிடம், "அப்பவே சொன்னமுங்களேண்ணா, அக்காவுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டான். அண்ணி இறங்கிப் போய் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு, "தம்பி, உங்க தங்கச்சி தனியா காரோட்டிட்டு வந்தா இந்த எடத்துல நின்னு எறங்கச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு யோசித்தார்கள். கல்யாணத்துக்கு நாங்கள் போனபோது பந்தி முடிந்திருந்தது.

இன்னொன்று ஒகேனக்கல் சாலையில். ஆடிப்பெருக்குக்கு முந்தைய ஞாயிறு, கூட்டத்துக்கு முன்னால் குளித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். காட்டுக்குள் இறங்குகிற வளைவில் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவன் படுத்திருந்தான், இன்னொருவன் கையை ஆட்டினான். வேறு வண்டி கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை. அண்ணி நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டு போனார். போகும்போதே என்னிடம் கைப்பேசியைக் கொடுத்து ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார். கீழே சோதனைச் சாவடியில் நிறுத்தி, இடத்தைச் சொல்லி, அங்கிருந்த ஆளை ஜீப்பில் அனுப்பிவைத்த பிறகுதான் நகர்ந்தார்.

ஆற்றங்கரையில் இறங்கியதும் அப்பா கேட்டார்: "மாட்டுக்கு வைத்தியம் பாக்கறவ. ஒரு மனுசன் வுழுந்து கெடக்கறான். நிக்காம போயிட்டியே, அவன் செத்திருந்தா?"

"பாப்பா வண்டியில இருந்தா மாமா."

"அவனுக்கும் ஒரு பாப்பா இருக்கும்."

அவன் உண்மையாகவே விழுந்தவன். கால் முறிந்திருந்தது, பிழைத்துக்கொண்டான். திரும்பி வருகிறபோது பென்னாகரம் ஆஸ்பத்திரியில் நிறுத்தி, எங்களை வண்டியில் பூட்டிவிட்டு, அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நின்னிருந்தாலும் போன்தான் பண்ணியிருப்பேன், வேற ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா கெடந்தவன் நம்ம மொகத்தப் பாத்திருப்பான்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் அதே போலத்தான் ஓட்டினார்.

எனக்கு அவர்மேல் இருந்த பிரியத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. விடுமுறை நாளில் நடுகல் தேடிப் போவது என் பைத்தியம். எங்கள் மாவட்டத்தில் புளியந்தோப்பிலும் வரப்பிலும் அவை நின்றுகொண்டிருக்கும். பழைய காலத்தில் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு, மாட்டை மீட்டு, அதில் செத்துப்போனவர்களுக்கு ஊர் நட்ட கற்கள் அவற்றில் பல. வீட்டில் யாரும் இதற்குத் துணை வர மாட்டார்கள். அண்ணி மட்டும் ஏரியூருக்கு வேலைக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போய் வழியில் நிறுத்துவார்.

ஒரு கல்லை அவர் முதல்முறை பார்த்தது பங்குனி வெயிலில். வில்லோடு நிற்கும் வீரனைவிட, அவன் காலடியில் இருந்த மாடுதான் அவர் கண்ணில் பட்டது. உட்கார்ந்து விரலால் தடவினார். "நல்லா செதுக்கியிருக்கான் செல்வி. மடி தெரியுது பாரு. கறவ மாடு." பிறகு கல்லின் கதையைக் கேட்டார். சொன்னேன்.

"இவனுக்குப் புள்ளகுட்டி இருந்துச்சா?"

"அதெல்லாம் கல்லுல போட மாட்டாங்க அண்ணி."

"போடணும்" என்றார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "மாடு போனா போவுதுன்னு வுட்டிருந்தா இந்த ஆளு வூட்டுக்குப் போயிருப்பான்."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பல நூற்றாண்டுகள் ஊர் கும்பிட்ட கல். படித்தவர் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய சட்டமே அதுதான். வண்டியைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கத்தியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும். வண்டியில் பிள்ளை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. 'சாவி கையில, புள்ள இடுப்புல' என்று அதைச் சுருக்கி வைத்திருந்தார். இறங்குகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இஞ்சினை அணைத்துச் சாவியை எடுக்க வேண்டும். இரண்டாவது பின்கதவைத் திறந்து பிள்ளையை எடுக்க வேண்டும். பை, பழம், செருப்பு, சாமி எல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு ஒத்திகை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பாப்பாவின் இருக்கையில் ஒரு சாம்பல் பூசணிக்காயை வைத்து பெல்ட் போட்டுவிடுவார். நாங்கள் ஒவ்வொருவராக ஓடிப் போய், பெல்ட்டைக் கழற்றி, காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு திண்டாடாமல் வெளியே வர வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். அப்பாவுக்கு பெல்ட்டின் சிவப்புப் பொத்தான் ஒரு நாளும் அகப்பட்டதில்லை.

"இந்தக் காயில பைரவருக்கு வெளக்குப் போட்டாலாச்சும் புண்ணியம் கெடைக்கும்மா" என்பார் மூச்சு வாங்க. தேய்பிறை அட்டமிக்கு அதியமான்கோட்டையில் பூசணிக்காயில் விளக்கேற்றிவிட்டு வருகிறவர் அவர்.

"மொதல்ல பெல்ட்டக் கழட்டுங்க மாமா. வெளக்க அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணன் ஒத்திகைக்கு வரவே மாட்டான். தூணில் சாய்ந்து நின்று கைதட்டுவான். அவனுக்கு அந்தச் சமயத்தில்தான் ஓட்டுநர் உரிமம் வந்திருந்தது. அண்ணியின் வெள்ளைக் காரைக் கொடுத்துவிட்டு நீல நிறத்தில் பெரிய கார் ஒன்று எடுத்தார்கள். இரண்டாம் கை வண்டிதான், ஆனால் எங்களுக்குப் புதிது. முதல் ஓட்டம் அண்ணன் ஓட்டினான். தருமபுரி சாலையில் எங்கள் குடும்பம் கும்பிடுகிற முனியப்பன் ஒருவர் இருக்கிறார். புளியமரத்தடியில் வெட்டவெளிக் கோயில். வண்டிக்குப் பூசை அங்கே.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டிப் பூசையில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பூசாரி கற்பூரம் சுற்றி முடித்ததும் வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். அதுவரை இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பிடிவாதம். நடுவில் அணைந்தால் வழியிலும் அணையும் என்பார்கள். மற்ற குடும்பங்களில் இப்படி இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் தாத்தா காலத்து லாரி ஒன்று பூசை நடுவில் நின்றுபோய்த் திரும்பக் கிளம்பவே இல்லையாம். அதிலிருந்து வந்த வழக்கமாக இருக்கலாம்.

இது நடந்தது ஆடி வெள்ளி என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். தீபாவளி கழிந்த வெள்ளி. பாப்பாவின் உள்ளங்கையில் தீபாவளி மருதாணி இருந்தது, மரத்தடியில் வெடிக் காகிதம் கிடந்தது. நேரம் முற்பகல். அண்ணன் இஞ்சினை ஓடவிட்டு இறங்கினான். நானும் அப்பாவும் இறங்கினோம். பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் பக்கத்தில் அசையாமல் இருந்தார்.

"அணைச்சுட்டு எறங்குங்க" என்றார் அண்ணனிடம்.

"பூசை நேரத்துல அபசகுனமா பேசாத" என்றார் அப்பா. "நீயும் எறங்கி வந்து கும்புடும்மா. சாமி முன்னாடி சீட்ல உக்காந்துக்கிட்டு கும்புடறதா?"

"சாமிய வந்து ஏறச் சொல்லுங்க மாமா. எடம் இருக்குது."

பூசாரிகூடச் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. சுற்றிலும் கும்பிட வந்தவர்கள் சிலர் நின்றார்கள். மரத்தில் சாய்ந்து ஒருவன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தான். பூசை முடிகிற கட்டத்தில், வீட்டுப் பெண் வந்து பானட்டில் குங்குமம் வைக்க வேண்டும் என்றார் பூசாரி. அம்மா அப்போதே இல்லை. எனக்குக் கல்யாணமாகவில்லை. மிச்சம் அண்ணிதான். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி இறங்கினார். அவர் அந்த வீட்டுக்காக ஒரே ஒரு முறை தன் சட்டத்தை விட்டது அன்றுதான். அப்போதும் பின்கதவைத் திறந்தே வைத்துவிட்டு இறங்கினார்.

மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு பானட்டில் வைத்தார். ஓட்டுநர் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மரத்தடியில் நின்றவன் உள்ளே இருந்தான்.

நான் உறைந்து நின்றேன். எல்லோரும் அப்படித்தான். வண்டி எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறியது. அண்ணி வண்டிக்கு முன்னால் போய் நிற்கவில்லை, திருடன் என்று கத்தவும் இல்லை. பக்கவாட்டில் விலகி, திறந்திருந்த பின்கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "புள்ள இருக்குது. புள்ளய வுட்டுட்டு வண்டிய எடுத்துக்க. புள்ள இருக்குது" என்றார். கெஞ்சுகிற குரலும் இல்லை, மிரட்டுகிற குரலும் இல்லை. மாட்டுக்காரனிடம் தும்பைப் பிடிக்கச் சொல்கிற குரல். அவன் திரும்பிப் பார்த்தான். பிள்ளை இருப்பதை அவன் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். வண்டி குலுங்கி நின்றது. அண்ணியின் உடம்பு பாதி உள்ளே போனது. சிவப்புப் பொத்தான் அவருக்கு உடனே அகப்பட்டது. பாப்பா வெளியே வந்துவிட்டது, இடுப்பில், தூக்கம் கலையாமல்.

அண்ணன் அந்தப் பக்கம் முன்கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டிருந்தான்.

"வுடுங்க. கைய எடுங்க" என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு."

"கைய எடுங்கங்கறேன். உங்களுக்கும் புள்ள இருக்குது."

அவன் எடுத்தான். அண்ணி பின்கதவைச் சாத்தி, வண்டியின் பின்புறத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஊசி போட்டு முடித்ததும் மாட்டின் தொடையில் தட்டி, போ என்று அனுப்புவாரே, அதே தட்டு. கார் போய்விட்டது.

சில நாட்களில் பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல் குவாரியருகே காவல்துறை அதைக் கண்டெடுத்தது. பானட்டில் குங்குமம் காய்ந்திருந்தது. திருடன் அகப்படவில்லை. இதுவரை எல்லாமே நல்லபடியாக முடிந்த கதை. முனியப்பன் காப்பாற்றினார் என்று அப்பா சொன்னதில்கூட அண்ணிக்கு மறுப்பு இருக்கவில்லை. "ஆமாங்க மாமா" என்றுதான் சொன்னார்.

ஆனால் அண்ணனிடம் ஒன்று தங்கிவிட்டது. தன் கடைக்கு வருகிறவர்களிடம், சொந்தக்காரர்களிடம், "கதவு கையில இருந்துச்சுங்க. இழுத்துப் போட்டிருப்பேன். இவதான் வுடச் சொன்னா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கல்லில் நிற்கிற வீரனாக ஆகியிருக்க வேண்டியவன், ஆக விடாமல் பண்ணிவிட்டாள் என்பது போல.

மாசியில் அப்பா முனியப்பனுக்குக் கிடா வெட்டு வைத்தார். பிள்ளையைக் காப்பாற்றியதற்கு நேர்த்திக்கடன். கார் வரவேண்டும். அதே இடத்தில் நிற்கவேண்டும். நின்றுபோன பூசையை முடிக்க வேண்டும் என்பதால், பாப்பாவை அதே சீட்டில் உட்காரவைத்து, இஞ்சினை ஓடவிட்டு, விட்ட இடத்திலிருந்து பூசை செய்ய வேண்டும். பந்தலுக்கும் சமையலுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது.

அண்ணி இதை முதலில் நம்பவில்லை. "அதே மாதிரியா?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான். பாதியில நின்ன பூசைம்மா அது" என்றார் அப்பா.

"இஞ்சின் ஓடட்டுங்க மாமா, பாப்பா என் இடுப்புல இருக்கட்டும். இல்ல, பாப்பா சீட்ல இருக்கட்டும், சாவி என் கையில இருக்கட்டும். ரெண்டுல ஒண்ணு குடுங்க."

"சாமி காப்பாத்துன எடத்துலயே சாமிய சந்தேகப்படறியா?"

"ஒரு தடவ காப்பாத்திருச்சு, சரிங்க. சாமிக்கு என்னாத்துக்கு ரெண்டாவது தடவையும் வேல வெக்கறோம்?"

அண்ணன் சிரித்தான். "இன்னொரு தடவையா வரப் போறான்? நீ பேசாம இரு." அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை ஞாபகம் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். 'அணைச்சுட்டு எறங்கறேன்' என்று அவன் சொல்லியிருந்தால் போதும். அப்பாவுக்குப் பயந்து மெதுவாகச் சொல்லியிருந்தாலும் போதும். அவன் பந்தல்காரனிடம் பேசப் போய்விட்டான்.

கிடா வெட்டு நாளன்று விடிந்ததும் அண்ணி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார். ஒளிந்து போகவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அப்பா கட்டிலில் இருந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையை நான் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன். ஓசூர் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் பிடித்தார். உட்கார்ந்ததும் முன்படி, பின்படி இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அண்ணி, ரெண்டு நாள்ல வந்துருவீங்க இல்ல?"

"உங்கண்ணன் வந்து கூப்பிட்டா வரேன். என்ன சொல்லிக் கூப்புடணும்னு அவருக்குத் தெரியும்." ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். "நீ வண்டி ஓட்டக் கத்துக்க செல்வி. யாரு கையிலயாச்சும் சாவிய வுட்டுட்டு உக்காந்திருக்காத."

அண்ணன் போனான். இரண்டு முறை போனான். என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று தெரியாது, தனியாகத்தான் திரும்பினான். அண்ணி ஊர்ப்பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டார். சில வருடங்கள் பொங்கலுக்கும் பாப்பா பிறந்தநாளுக்கும் எனக்கு அவர் போன் வரும். அண்ணன் நலமா என்று கேட்கமாட்டார். "எப்படி ஓட்டறாரு?" என்று கேட்பார். "அப்படியேதான் அண்ணி" என்பேன். பிறகு பாப்பாவிடம் போனைக் கொடுப்பார். அப்புறம் இன்னொரு மாற்றல். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது. இருந்தும் தை முதல் நாளன்று ஒரு முறை அடித்துப் பார்ப்பேன். பாப்பா இந்நேரம் கல்லூரியில் இருக்கும். அதன் பெயரையும் இங்கே எழுதவில்லை.

அப்பா இறந்துவிட்டார். நான் நாற்பதுக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். முன்வண்டியின் டயர் தெரிகிற தூரத்தில் நிற்கிறேன். பைக்குகள் வந்து நுழைகின்றன. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ஏரியூர் சாலையில் அந்த நடுகல்லைப் பார்க்கப் போனால் இப்போது வீரனுக்கு முன்னால் மாட்டைத்தான் பார்க்கிறேன். மாட்டை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீடு திரும்பியவர்களுக்கு எந்த ஊரிலும் யாரும் கல் நட்டதாக நான் கண்டதில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு சின்னக் கார் வாங்கினேன். அண்ணனுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. அவன் ஓட்டுவதில்லை. தருமபுரியில் கண்ணைக் காட்டிவிட்டு வரக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் முனியப்பன் கோயில் வந்ததும், "புது வண்டி, ஒரு கற்பூரமாச்சும் காட்டிட்டுப் போலாம்" என்றான். ஓரம் கட்டினேன். பழைய பூசாரியின் மகன் இப்போது பூசை செய்கிறார். எங்கள் குடும்ப வழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது. எலுமிச்சம்பழத்தோடு வந்து, "இஞ்சின் ஓடட்டுமுங்க" என்றார்.

நான் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன் கையை நீட்டித் தடவி, சாவியைத் திருப்பி அணைத்தான். உருவிக் கையில் எடுத்துக்கொண்டான். அப்புறம், கழுத்தை முழுதாகத் திருப்பி, தனக்குச் சரியாகத் தெரியாத கண்ணால் பின்சீட்டைப் பார்த்தான். அங்கே அவனுடைய மருந்துப் பை மட்டும் இருந்தது.

"அணைச்சிட்டீங்களேண்ணா. சாமி கோவிச்சுக்குமுங்க" என்றார் பூசாரி.

"கோவிச்சுக்கட்டுங்க" என்றான் அண்ணன். "வூட்ல ஒருத்தங்க ஏற்கெனவே கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க."

பூசாரி கற்பூரத்தைச் சுற்றினார். வீட்டுப் பெண் வேறு யாரும் இல்லை, நானே இறங்கிக் குங்குமம் வைத்தேன். அண்ணனும் இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பூசை முடிகிறவரை சாவியை என்னிடம் கொடுக்கவில்லை.